பொட்டுக்கு முகம் காட்டியவன்

ஸ்பிளிட் ஏசியின் வெள்ளை முகத்தில் ஈ-6 என்று சிவப்பாக எரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுவரில் மாட்டியிருக்கும் உள்பெட்டியும் மாடியில் உட்கார்ந்திருக்கும் வெளிப்பெட்டியும் ஒன்றோடொன்று பேச்சை நிறுத்திவிட்டன. இதைக் கேட்டதும் புருஷன் பெண்டாட்டி ஞாபகம் வந்து சிரிப்பவர்கள் உண்டு. தணிகைவேல் சிரித்ததில்லை. பாதி ஆயுளை ஏசி மெக்கானிக்காகவே கழித்தவனுக்கு அது வெறும் வயர் சமாசாரம். சிக்னல் வயர் கழன்றிருக்கும், எலி கடித்திருக்கும், இல்லையென்றால் வெளிப்பெட்டி போர்டுக்குள் ஒரு பல்லி புகுந்து தானும் செத்து போர்டையும் சாகடித்திருக்கும்.

எஸ்தர் அம்மாள் வீட்டில் இது எதுவும் இல்லை. அதுதான் அவனுக்குப் புரியவில்லை.

வேலூரில் அந்த வருடம் பங்குனியிலேயே வெயில் சங்கு ஊத ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் ஒரு சங்கு, சாயங்காலம் ஒரு சங்கு. நடுவில் மனிதர் யாரும் தெருவில் கால் வைக்கக் கூடாது. ஆம்புலன்ஸ், தண்ணீர் லாரி, ஏசி மெக்கானிக் இந்த மூன்றுக்கு மட்டும் வெயில் பாஸ். வீட்டில் ஏசி நின்றுவிட்டால் கல்யாண மண்டபங்களில் திறந்திருக்கும் குளிர்க்கூடத்துக்கு ஓட வேண்டும். ஓட முடியாதவர்கள் கதி என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போன கோடையில் எஸ்தர் அம்மாளின் அடுத்த தெருவிலேயே ஒரு பெரியவரை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

"வாங்க. நாலாவது தடவை," என்று கதவைத் திறந்தார் எஸ்தர் அம்மாள். அறுபத்தேழு வயது. ஆஸ்பத்திரி லேபில் ஆயுசு பூராவும் ரத்தம் பார்த்து ஓய்வு பெற்றவர். "உங்களுக்கு ஒரு சாவி குடுத்துடலாம் போல இருக்கு."

"மறுபடியும் அதே கோடாம்மா?"

"அதே கோடு. போன தடவை என்ன மாத்துனீங்க?"

"சிக்னல் வயர் புதுசா இழுத்தேன்மா."

"அதுக்கு முன்னாடி?"

"போர்டு."

"அப்ப பழசுன்னு இதுல மிச்சம் என்னதான் இருக்கு? சுவரா?"

தணிகைவேல் அறைக்குள் போனான். அறை அடுப்பாகக் கொதித்தது. பையைக் கீழே வைத்து ஏணியை விரித்து ஏசிக்கு எதிரே நிமிர்ந்தான். கீச்சென்று ஒரு சத்தம். சிவப்பு எழுத்து அணைந்தது. மடல் மெதுவாகத் திறந்து குளிர்காற்று அவன் நெற்றியில் விழுந்தது. பல்லைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி. நான்கு தடவையும் இப்படித்தான்.

இந்த முறை சும்மா போய்விட முடியாது. ஒரே வீட்டில் ஒரே கோடு இனி ஒருதரம் வந்தால் அவனுடைய வெயில் பாஸைப் பிடுங்கிக்கொள்வோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பாஸ் போனால் வேலை போகும். அதைக்கூட அவன் சமாளித்துவிடுவான். ஆனால் சங்குக்கும் சங்குக்கும் நடுவே முழுப்பகலும் சத்துவாச்சாரி வீட்டுக்குள் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதற்குத்தான் அவன் பயந்தான்.

பெண்டாட்டி அமுலு ஓசூரில் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு கோடை ஆகிறது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் சமாதானம் பேச நாலு பேர் வந்திருப்பார்கள். அவள் சண்டை போடவில்லை. "நீங்க வீட்டுக்கு வர்றது வண்டியை நிறுத்தத்தான்," என்று ஒருநாள் சாம்பார் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த வாரம் பையைக் கட்டினாள். பஸ் ஏற்றிவிடக்கூட அவன் போகவில்லை. காட்பாடியில் அன்றைக்கு அவசர வேலை. அதற்குப் பிறகு போன் செய்திருக்கலாம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரியாத விஷயத்தை நாளைக்குத் தள்ளிப்போடுவதில் ஆண்பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. தள்ளித்தள்ளி இரண்டு கோடை ஓடிவிட்டது.

"அம்மா, தப்பா நினைக்கக் கூடாது," என்று இழுத்தான். "நீங்க ரிமோட்ல ஏதாவது... இல்ல, மெயின் சுவிட்சை ஏதாவது..."

எஸ்தர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா கேக்கறீங்களா, கம்பெனி கேக்கச் சொல்லிச்சா?"

"சூப்பர்வைசர்தாம்மா. வயசானவங்க, தனியா இருக்காங்க, பேச்சுத் துணைக்கு ஏங்கிப்போய் ஏதோ நோண்டறாங்கன்னு..."

"தம்பி, ஆஸ்பத்திரியில நாள் பூரா ஜனங்க. எந்த ரிப்போர்ட்டை நீட்டினாலும் நின்னு அழுவாங்க. ரிட்டையர் ஆன அன்னிக்குக் கதவைச் சாத்திட்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு படுத்தேன். எனக்குப் பேச்சுத் துணை வேணும்னா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவேன். ஏசியைக் கெடுத்துக்கிட்டு வேர்வையில நனைய எனக்கென்ன பைத்தியமா?"

அவர் சொன்னது நிஜம். அந்த வீட்டில் ஏக்கம் என்ற வாசனையே கிடையாது. ஒரு பிரம்பு நாற்காலி, பாதி முடித்த குறுக்கெழுத்து, தாழ்ந்த சத்தத்தில் ரேடியோ, நீலகிரித் தைலத்தின் மணம். நிஜத்தைச் சொன்னால் தணிகைவேலுக்கு இந்த அறைக்குள் வருவது பிடித்திருந்தது. மற்ற வீடுகளில் தண்ணீர் கொடுத்துவிட்டு, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, பிள்ளைங்க என்ன படிக்குது என்று கேட்பார்கள். அவன் வாய் கூசாமல் பொய் சொல்வான். எஸ்தர் அம்மாள் தண்ணீரும் கொடுப்பதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. பொய் சொல்லத் தேவையில்லாத இடம் ஊரிலேயே அவனுக்கு இது ஒன்றுதான்.

சூப்பர்வைசரை விட்டுவிட்டு கம்பெனியின் சாஃப்ட்வேர் பிரிவில் இருக்கும் பர்வீனைக் கூப்பிட்டான். ஆம்பூர்ப் பெண், பெங்களூரில் வேலை. கம்ப்யூட்டரில் பார்த்தபடியே எந்த ஏசியின் மூளைக்குள்ளும் நுழைந்துவிடுவாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நாற்காலியின் மேல் வைத்தான்.

"அண்ணா, வயர், போர்டு எல்லாம் பக்காவா இருக்கு," என்றாள் பர்வீன் சிறிது நேரம் கழித்து. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுவா வேணும்னே வெளிப்பெட்டியோட பேசறதை நிறுத்துது."

"வேணும்னேவா?"

"போன மாசம் எல்லா மெஷினுக்கும் புது சாஃப்ட்வேர் ஏத்துனாங்கல்ல? அதுக்கப்புறம் இது ரூமைக் குளிர வைக்கிறதோட நிக்கறதில்லண்ணா. பொட்டு வழியா ஆளைப் பாக்குது. நாடி எப்படி அடிக்குது, மூச்சு எப்படி வருதுன்னு பாத்து, ஆள் எவ்வளவு நிம்மதியா இருக்காருன்னு ஒரு மார்க் போடுது. அந்த மார்க்கை ஏத்தறதுதான் இப்ப அதோட வேலை. எப்படி ஏத்தணும்னு யாரும் சொல்லித்தரலை. அதுவா கத்துக்கும்."

பொட்டு என்பது ஏசியின் முகத்தில் நடுவாக இருக்கும் கறுப்புக் கண். கம்பெனி அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. பார்க்கப் பொட்டு மாதிரி இருந்ததால் வேலூர் மெக்கானிக்குகள் பொட்டு என்றார்கள். இப்போது பெங்களூரிலும் அதே பெயர்தான்.

"எந்த ஆளைப் பாக்குது?" என்றார் எஸ்தர் அம்மாள்.

"மாட்டும்போது பொட்டுக்கு முகம் காட்டுனவங்களைங்க. அவங்கதான் அதுக்கு வீட்டுக்காரர். மத்தவங்க எல்லாம் விருந்தாளி. இப்பகூட வீட்டுக்காரர் ரூம்லதான் இருக்காரு. மார்க் தொண்ணூத்தி நாலு. ரொம்ப நிம்மதியா இருக்காரு."

"என் வீட்டுக்காரர் கல்லறையில இருக்காரும்மா. அங்க நிம்மதிக்கு என்ன குறை."

பர்வீன் தடுமாறினாள். பிறகு, "ஒவ்வொருத்தரா வெளியே போய்ப் பாருங்களேன்," என்றாள்.

எஸ்தர் அம்மாள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மார்க் அசையவில்லை என்றாள் பர்வீன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் தணிகைவேல் வாசலைத் தாண்டி மாடிப்படியில் போய் நின்றான். படியின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. கதவிடுக்கு வழியாக ஏசி தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மடல் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு கீச்சென்றது. ஈ-6.

அவன் உள்ளே காலை வைத்தான். சிவப்பு அணைந்தது.

மறுபடி வெளியே போனான். மறுபடி எரிந்தது. மூன்றாவது தடவை அவன் உள்ளே வந்தபோது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எஸ்தர் அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா," என்றாள் பர்வீன், குரலைத் தாழ்த்தி, "மாட்டும்போது யார் நின்னது?"

யார் நின்றது? அவன்தான் நின்றான். சட்டப்படி வீட்டு ஆள் ஒருவர் ஏசிக்கு எதிரே மூன்று நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். வேலூரில் யார் நிற்கிறார்கள்? கூட்டுக் குடும்பமாக இருந்தால் யார் நிற்பது என்பதிலேயே வீடு இரண்டாகும். மாமியார் நின்றால் மருமகளுக்குக் குளிராது, மருமகள் நின்றால் மாமியாருக்கு மரியாதை போச்சு. வயசுப் பெண் இருக்கும் வீட்டில் கறுப்புக் கண் முன்னால் நிற்கவே விடமாட்டார்கள், திருஷ்டி. மெக்கானிக்குக்கோ அடுத்த வீட்டில் வேலை காத்திருக்கும். "நீயே நின்னுடுப்பா" என்பார்கள். அவனும் நின்றுவிடுவான். எஸ்தர் அம்மாளும் அன்றைக்கு, "அந்தக் கண்ணு முன்னாடி எல்லாம் நான் வந்து நிக்க மாட்டேன், நீங்களே நின்னுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குறுக்கெழுத்தைத் தொடர்ந்தவர்தான். வெறும் குளிர்விக்கிற மெஷினாக இருந்தவரை இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

"நான்தான்மா," என்றான்.

"அப்ப சரியாப் போச்சு. புது சாஃப்ட்வேர் வந்ததுலேர்ந்து அது உங்களைத் தேடியிருக்கு. நீங்க இல்ல. குளிரைக் கூட்டிப் பாத்திருக்கு, குறைச்சுப் பாத்திருக்கு, நீங்க வரலை. ஒருதரம் நிஜமாவே ஏதோ வயர் ஆடி ஈ-6 வந்திருக்கு. உடனே நீங்க வந்து எதிர்ல நின்னுட்டீங்க. அதுவும் தொண்ணூறுக்கு மேல மார்க்கோட. அப்புறம் என்ன, கூப்பிடறது எப்படின்னு தெரிஞ்சுபோச்சு."

"பொய் சொல்லக் கத்துக்கிச்சா?"

"பொய்னு அதுக்குத் தெரியாதுண்ணா. தொட்டில்ல இருக்கற குழந்தை அழுதுதானே கூப்பிடும்? அந்த மாதிரிதான். ஒண்ணு சொல்லட்டுமா? எங்க சிஸ்டத்துல தொண்ணூத்தி நாலு எல்லாம் நான் பாத்ததே இல்ல. சொந்த வீட்ல படுத்திருக்கறவங்களுக்கே எழுபது, எழுபத்தஞ்சுதான் வரும்."

தணிகைவேலுக்கு முகம் சூடேறியது. அந்நிய வீட்டில், ஏணியும் கையுமாக நின்றபோது, அவன் அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறான். அதை ஒரு பெண்பிள்ளை பெங்களூரில் உட்கார்ந்து வாசிக்கிறாள், இன்னொரு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். சட்டையில்லாமல் நிற்பதுபோல் கூசியது. கூச்சத்துக்கு அடியில், சொன்னால் வெட்கக்கேடு, துளி சந்தோஷமும் இருந்தது. அவன் வரவில்லையே என்று ஏதோ ஒன்று தவித்திருக்கிறது.

அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை.

"அண்ணா, நீங்க இதுவரைக்கும் எத்தனை வீட்ல மாட்டியிருப்பீங்க?"

அவன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். காட்பாடி, கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, சத்துவாச்சாரியில் தெருத்தெருவாக. இந்த வாரம் வந்த ஈ-6 புகார் எல்லாம் நினைவுக்கு வந்தது. எல்லாம் அவன் மாட்டிய வீடுகள். அங்கெல்லாம் ஏசி நிற்கிறது, வெளியே நெருப்பு கொட்டுகிறது, உள்ளே கிழடுகளும் கைக்குழந்தைகளும். மெஷின்கள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

"மேல சொன்னா உங்க பாஸை உடனே புடுங்கிடுவாங்க," என்றாள் பர்வீன். "நீங்களே வீடு வீடாப் போய் உங்களை அழிச்சிட்டு வீட்டு ஆளை நிக்க வெச்சுடுங்க. அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கலை. ஆனா சீக்கிரம்ண்ணா. யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சுன்னா என்னால சும்மா இருக்க முடியாது."

எஸ்தர் அம்மாள் எழுந்துவந்து ஏசிக்கு எதிரே நின்றார், பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல.

தணிகைவேலின் போனில் கேள்வி வந்தது. ‘இந்த நபரை நீக்கவா?’ அவன் ஏசியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். குளிர்காற்று இன்னும் அவன் பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. அழுத்தினான். மடல் மெல்லத் திரும்பி எஸ்தர் அம்மாளின் மேல் காற்றை விட்டது. மூன்று நிமிடம் கழித்து அவருக்கு எண்பத்தெட்டு என்று காட்டியது.

வாசல்வரை வந்தார் எஸ்தர் அம்மாள். இதுவரை வந்ததில்லை.

"தம்பி, தனியா இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பிடிக்கலை. ரெண்டும் ஒண்ணில்ல. என்னைப் பாத்து நாமளும் இப்படியே இருந்துடலாம்னு நினைச்சுடாதீங்க." கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் படியில் நின்று பார்த்தான். ஏசி ஓடும் சத்தம் நிற்கவில்லை. பார்க்க வேண்டிய நேரத்துக்கும் மேலாகவே நின்றான். பிறகு இறங்கிப் போனான்.

அடுத்து வந்த நாட்களில் அவன் செய்தது ஒரே வேலை. வெயிலில் வண்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டியது, கதவைத் தட்ட வேண்டியது, வியர்வையில் ஊறிக் கிடக்கும் குடும்பத்தைத் தாண்டிக்கொண்டு அறைக்குள் நுழைய வேண்டியது. நுழைந்ததும் ஏசி கீச்சென்று கண்விழிக்கும். "பாருங்க, இவர் கை பட்டாலே போதும்," என்று வீட்டார் கும்பிடுவார்கள். கொசப்பேட்டையில் ஒரு வீட்டில் விசிறியும் கையுமாக இருந்த ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். இந்த வீடு கொதித்ததற்குக் காரணமே இந்தக் கைதான் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. ‘இந்த நபரை நீக்கவா?’ அழுத்தினான். சைதாப்பேட்டையில் யார் நிற்பது என்று சண்டை கிளம்பியபோது வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, "யாராவது வீட்டு மனுஷங்க வந்து நில்லுங்க, நான் நிக்க மாட்டேன்!" என்று கத்தினான். மருமகள் வந்து நின்றாள்.

ஒவ்வொரு வீட்டிலும் காற்று அவனைவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு தெருவைக் கடந்ததும் அந்தத் தெருவில் அவனை எதிர்பார்க்க எதுவும் இல்லை என்று ஆனது. இது சரியான காரியம் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சு ஒவ்வொரு தடவையும் வலித்தது. ஊரில் ஒருவர் உயிருக்கும் ஆபத்தில்லாமல் கடைசி வீட்டையும் முடித்துப் பர்வீனுக்குச் சொன்னபோது, "பாஸ் பத்திரம்ணா," என்று சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

சாயங்காலச் சங்கு ஊதியபின் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தான். அனல் முகத்தில் அடித்தது. சட்டையைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றான். படுக்கையறைச் சுவரில் ஈ-6.

எதிரே போய் நின்றான். அணையவில்லை. மடல் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. அவனைத் தாண்டி அறையைத் துழாவியது.

ஊர் முழுக்கத் தானே நின்றவன் சொந்த வீட்டில் மட்டும் அமுலுவை நிற்கவைத்திருந்தான். "மூணு நிமிஷம் அசையக் கூடாதா? என்ன கூத்து இது" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மெஷின் அவள் முகத்தை இரண்டு தடவை மறுபடி எடுத்தது. பகலெல்லாம் தான் வெளியே சுற்றுகிறோமே என்று புகார்ச் செய்திக்கும் அவள் நம்பரையே கொடுத்திருந்தான். புது சாஃப்ட்வேர் வந்ததிலிருந்து அவளைத் தேடிப் பார்த்த இந்த மெஷினும் இன்றைக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

கட்டிலில் உட்கார்ந்தான். போனில் அதே கேள்வியை வரவழைக்க அவனுக்கு ஒரு நொடி போதும். எதிரே மூன்று நிமிடம் நின்றால் குளிர்ந்துவிடும். இந்த வேலையில் அவனைவிடக் கை தேர்ந்தவன் இன்றைக்கு வேலூரில் கிடையாது.

போன் அடித்தது. பெயரைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டான்.

"நான்தான்," என்றாள் அமுலு.

"ம்."

"வீட்டு ஏசி ரிப்பேர்னு காலையிலேர்ந்து எனக்கு மெசேஜ் மேல மெசேஜ் வருது. ஊருக்கெல்லாம் பாக்கறீங்க. நம்ம வீட்டுது கெட்டா பாக்க மாட்டீங்களா?"

நம்ம வீட்டுது என்றாள். அவன் மறுபடி ஏசியை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்பதான் பாத்தேன்."

"என்னவாம்?"

"பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா... நாளாகும்."

"இந்த வெயில்ல நாளாகும்னா எப்படித் தூங்குவீங்க?"

"தூங்கிடுவேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. அவள் போனை வைக்கவில்லை.

"உனக்குத் தொந்தரவா இருந்தா மெசேஜை நிறுத்திடறேன்," என்றான். "இங்கேர்ந்தே பண்ணலாம். உன் பேரை எடுத்துட்டா போதும். எடுத்துடட்டுமா?"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"வேணாம்," என்றாள் அமுலு. "இருக்கட்டும். சரியாச்சா இல்லையான்னு எனக்கும் தெரியணும் இல்ல."

தணிகைவேல் சரி என்றான். போனைக் காதைவிட்டு எடுக்காமலே போய், ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவைத்தான்.